ஓமானின் ஃபலஜ்: தண்ணீரின் அளவுக்குத் தோட்டம்

ஓமானின் பாரம்பரிய நீர்வாய்க்காலான ஃபலஜின் தலைமாட்டில் திறந்து மூட எதுவும் கிடையாது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை, தேக்கிவைக்க அணையும் இல்லை. மலையடிவாரத்து நீரைச் சுரங்கத்திலோ வாய்க்காலிலோ சரிவாக நடத்தி ஊருக்குள் கொண்டுவந்து விடுகிறார்கள். அது இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும் என்றால் கிடைக்காது. வேண்டாம் என்றாலும் நிற்காது. ஓமானின் உட்பகுதியில் ஆண்டு மழை 100 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதையும் நம்ப முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகள் பெய்யாமலே போவதுண்டு. அப்படிப்பட்ட மண்ணில் பேரீச்சந்தோட்டங்கள் நூற்றாண்டுக் கணக்கில் நின்றதற்கு இந்தக் குணமே முதல் காரணம். ஊறுவதற்கு மேல் எடுக்க வழியே இல்லாததால், தண்ணீர் எவ்வளவோ அவ்வளவுதான் தோட்டம் என்பதை ஊர் ஏற்றுக்கொண்டது. மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

ஓமான் அரசின் கணக்கெடுப்பில் 4,100க்கும் மேற்பட்ட ஃபலஜ்கள் பதிவாகியுள்ளன. அவற்றில் ஏறத்தாழ 3,000 இன்னும் ஓடுகின்றன. நிஸ்வாவின் தாரிஸ், இஸ்கியின் மல்கி, பிர்கத் அல் மவ்ஸின் கத்மைன், ருஸ்தாக்கின் முயஸ்ஸர், சூர் பகுதியின் ஜீலா ஆகிய ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஃபலஜ்களில் மூன்று வகை உண்டு. ஊற்றிலிருந்து நேராக வாய்க்கால் பிடிப்பது ஐனி. வாதியில், அதாவது காட்டாற்றுப் படுகையில், மேலோட்டமாக ஓடும் நீரை மறித்துத் திருப்புவது கைலி. எண்ணிக்கையில் இதுதான் ஏறத்தாழ பாதி. மழை பெய்த சில மாதங்களில் மெலிந்துவிடும். நான்கில் ஒரு பங்கு அளவுள்ள தாவூதிதான் ஆழத்திலிருந்து சுரங்கம் வழியாக வருவது. சுலைமான் நபி ஓமானுக்கு வந்தபோது பத்தே நாளில் ஜின்களை வைத்துத் தோண்டுவித்தார் என்று அங்கே கதை சொல்வார்கள். கைலி வற்றிய ஆண்டிலும் ஓடுவது இதுதான் என்பதால், பெரிய ஊர்கள் பலவும் தாவூதியை நம்பியே எழுந்தவை.

தாவூதியின் வடிவம் மிக எளிமையான ஒரு கணக்கு. மலையடிவாரத்தில் நிலம் ஒரு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். சுரங்கத்தின் அடித்தளம் கிலோமீட்டருக்கு 1 மீட்டர்தான் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 9 மீட்டர் இடைவெளி விழும். ஆகவே ஊர் ஓரத்தில் தரைமட்டத்தில் தொடங்கி மலையை நோக்கித் தோண்டிக்கொண்டே போனால், 2.2 கிலோமீட்டர் தாண்டும்போது தலைக்கு மேல் 20 மீட்டர் மண் இருக்கும். அங்கே நீர்மட்டம் 18 மீட்டரில் இருந்தால் வேலை முடிந்தது. தண்ணீர் தானாக நடந்து வரும். அந்தக் கடைசிக் கிணற்றுக்கு உம்முல் ஃபலஜ் என்று பெயர், தாய்க்கிணறு. எங்கே நீர் இருக்கிறது என்பதைச் சோதிக்க முதலில் தோண்டுவதும் அதைத்தான்.

சரிவு கூடினால் நீர் வேகம் பிடித்து அடிமண்ணை அரிக்கும், கூரை சரியும். குறைந்தால் வண்டல் தங்கும். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற சரிவை, ஒரு ஆள் குனிந்து நகரும் இருட்டுக்குள் கண் அளவிலும் நீர் அளவிலும் பிடித்தார்கள். இந்த வேலையில் பேர்போனவர்கள் இஸ்கிப் பக்கத்து அவாமிர் குலத்தார். வழி நெடுகச் செங்குத்தாக இறங்கும் துளைக்கிணறுகள் தோண்டிய மண்ணை வெளியேற்றவும் காற்றுக்காகவும் போடப்பட்டவை. பின்னால் தூர்வார இறங்குவதும் அவற்றின் வழியேதான். ஒவ்வொரு துளையின் வாயிலும் வட்டமாகக் கரை கட்டி உயர்த்தி, கல் பலகையால் மூடியிருப்பார்கள். பார்த்தால் சின்ன விஷயம். அந்தக் கரை உடைந்த துளை ஒன்று வாதியின் ஓரத்தில் இருந்தால் போதும், ஒரே வெள்ளத்தில் உள்ளே இறங்கும் கல்லும் மணலும் சுரங்கத்தைப் பல மீட்டருக்கு அடைத்துவிடும். தூர்வாருவது மாதக்கணக்கில் இழுக்கும். அதுவரை மரங்கள் காயும்.

சுரங்கத்தில் இரண்டு பகுதிகள் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீர்மட்டத்துக்குக் கீழே அமைந்த மலைப்பக்கத்துப் பகுதிதான் நீரைச் சேர்க்கிறது. அங்கிருந்து ஊர்வரை உள்ள பகுதி சேர்த்ததைக் கடத்துகிறது, அவ்வளவே. கடத்தும் பகுதிக்குப் பூச்சு வேண்டும். சேர்க்கும் பகுதிக்குப் பூசவே கூடாது. சீரமைப்பு என்ற பெயரில் முழு நீளத்துக்கும் சிமெண்ட் அடித்துவிட்டால் ஊற்றுக்கண்ணையே அடைத்ததாகும். பழைய பூச்சு சாரூஜ்: களிமண்ணைப் பேரீச்சந்தடி அடுக்கிச் சுட்டு, பொடித்து, சுண்ணாம்போடு குழைத்தது. நம் பழைய கட்டடங்களின் சுர்க்கிக் காரைக்கு நெருங்கிய உறவு. நில அசைவுக்கும் வெயிலுக்கும் இது கொஞ்சம் இடம் கொடுக்கும். இதன் மேல் வலுவான சிமெண்ட் பூசினால் இரண்டும் ஒரே அளவில் விரியாது. பூச்சு தகடாகக் கழன்றுவிடும், பின்னால் நீர் கசிவது வெளியே தெரியவும் தெரியாது. ஒட்டுப் போடுவதாக இருந்தால் சாரூஜுக்குச் சாரூஜே சரி.

வாதி குறுக்கிட்டால்? அங்கேதான் கர்ராக் ஃபலாஹ். வாய்க்கால் நீரை இந்தக் கரையில் செங்குத்துக் குழிக்குள் இறக்கி, படுகைக்கு அடியில் மூடிய குழாயாக நடத்தி, மறுகரையில் மேலே எழவைக்கிறார்கள். ஏறும் வாய் இறங்கும் வாயைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தாலே போதும், அழுத்தம் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இதன் பலவீனம் அடிமட்டத்தில் தங்கும் வண்டல். இறங்கு குழிக்கு முன்னால் ஒரு வண்டல் தொட்டியும், அதை வழித்து எடுக்க ஆளும் இருந்தால் இது நெடுநாள் நிற்கும். இல்லையென்றால் ஓட்டம் மெல்ல மெல்லச் சுருங்கும். ஊற்று குறைந்துவிட்டது என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கும், குற்றவாளி வண்டலாக இருக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் தண்ணீர் போகும் வரிசை எழுதாத சட்டம். மூடிய வாய்க்கால் முதலில் திறக்கும் இடம் ஷரீஆ. குடிநீர் அங்கேதான் மொள்ள வேண்டும், அதற்கு மேலே யாரும் கை நனைக்கக்கூடாது. குடிக்க மொள்பவரிடம் பங்கு கேட்க முடியாது. வழிப்போக்கருக்கும் அந்த உரிமை உண்டு. அடுத்துப் பள்ளிவாசல், ஆண்கள் குளிக்குமிடம், பெண்கள் குளிக்குமிடம், இறந்தவரைக் குளிப்பாட்டும் இடம். இவ்வளவையும் கடந்த பிறகே தோட்டம். தோட்டத்திலும் பேரீச்சை முதலில் வரும், மற்றவை பின்னால்.

பங்கீடு நேரத்தால் நடக்கிறது. அடிப்படை அலகு அதர்: அரை மணி நேரம். 24 அதர் சேர்ந்தால் ஒரு பத்தா, 12 மணி நேரம். ஒரு பகலும் இரவும் இரண்டு பத்தா. எல்லாருக்கும் முறை வந்து மறுபடி முதல் ஆளுக்குத் திரும்பும் காலம் தவ்ரான். ஊருக்கு ஊர் மாறும், ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை இருப்பது வழக்கம். தவ்ரானில் பத்தாக்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், இந்த முறை பகலில் பாய்ச்சியவருக்கு அடுத்த முறை இரவில் வரும். இரவு முறை உறக்கத்தைக் கெடுக்கும், ஆனால் ஆவியாகி வீணாவது குறைவு. இரண்டையும் எல்லாரும் மாற்றி மாற்றி ஏற்கும்படி ஒரு எண்ணே பார்த்துக்கொள்கிறது. கடிகாரம் வருமுன் பகலில் கம்பத்தின் நிழலையும் இரவில் குறிப்பிட்ட விண்மீன்கள் மலைமுகட்டில் எழுவதையும் வைத்து அதர் அளந்தார்கள்.

ஒரு அதர் என்பது எவ்வளவு தண்ணீர்? இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். நேராகவும் சீராகவும் ஓடும் 10 மீட்டர் வாய்க்காலைத் தேர்ந்தெடுங்கள். அகலம் அரை மீட்டர், நீரின் ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.075 சதுர மீட்டர். ஒரு தக்கையை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். 32 விநாடியில் 10 மீட்டரைக் கடந்தால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 0.31 மீட்டர். அடியிலும் ஓரத்திலும் நீர் மெதுவாகப் போவதால் 0.85ஆல் பெருக்க வேண்டும். வருவது விநாடிக்கு ஏறத்தாழ 20 லிட்டர். நான்கைந்து தரம் விட்டுச் சராசரி எடுப்பது நல்லது. காற்று அடிக்கும் நேரத்தில் இந்த அளவு பொய் சொல்லும்.

விநாடிக்கு 20 லிட்டர் என்றால் ஒரு அதரில் 36 கனமீட்டர், ஒரு நாளில் 1,728 கனமீட்டர். கோடையில் அடர்ந்த பேரீச்சந்தோட்டம் நாளுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் நீர் குடிக்கிறது என்று கொள்வோம். எட்டு நாள் தவ்ரானுக்கு 64 மில்லிமீட்டர். வாய்க்காலில் கசிவது, வேருக்குக் கீழே இறங்குவது எல்லாம் சேர்த்துக் கால்வாசி போனால், நிலத்துக்கு விட வேண்டியது 85 மில்லிமீட்டர். ஒரு அதர் அப்போது 420 சதுர மீட்டருக்குத்தான் போதும். 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடைவெளியில் நட்டால் அதில் ஆறேழு மரம் நிற்கும். எட்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் வரும் நீர் ஆறேழு மரத்தை வாழவைக்கிறது. முழு ஃபலஜுக்கும் சேர்த்தால் 16 ஹெக்டேர். குளிர்காலத்தில் தேவை பாதியாக, 4 மில்லிமீட்டராக, இறங்கிவிட்டால் அதே ஓட்டம் 32 ஹெக்டேருக்குப் பாயும்.

இந்த 16க்கும் 32க்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஓமானிய வேளாண்மையின் அறிவு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். நிலையான தோட்டம் ஒன்று, அதற்குக் கீழே திறந்த வெளியாக அவாபி நிலம் ஒன்று. தோட்டத்தில் பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சை, வாழை, மா, அடியில் குதிரைமசால். அவாபியில் குளிர்காலத்தில் மட்டும் கோதுமை, பார்லி, வெங்காயம், பூண்டு. கோடை வந்ததும் அவாபி வெற்றுத் தரை; யாரும் அங்கே தண்ணீர் கேட்பதில்லை. வறட்சி நீண்டால் முதலில் அவாபியைச் சுருக்குவார்கள், அடுத்து குதிரைமசாலைக் காயவிடுவார்கள், பேரீச்சைக்கு உரிய நீரின் அளவில் மட்டும் கை வைக்க மாட்டார்கள். எல்லாப் பயிருக்கும் பாதிப் பாதி கொடுத்துச் சமாளிக்கும் ஊரில் எல்லாப் பயிரும் சேர்ந்து கெடும். பரப்பைக் குறைத்து, வைத்திருப்பதற்கு முழுதாகக் கொடுக்கும் ஊர் மழை வந்ததும் எழுந்துவிடும். நட்டால் ஐந்தாறு ஆண்டுக்குப் பின்பே ஒழுங்காகக் காய்க்கும் மரத்தையும், நான்கு மாதத்தில் அறுவடையாகும் கோதுமையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அவாபி வெற்றாகக் கிடக்கும்போது பயனற்ற நிலமாகத் தெரியும். அதனால்தான் வீட்டுமனை போடுகிறவர்களின் கண் முதலில் அங்கே விழுகிறது. சமதளம், சாலைக்குப் பக்கம், மரம் வெட்ட வேண்டியதில்லை. வீடுகள் எழுந்த பிறகு ஊருக்கு நெகிழும் இடமே இல்லாமல் போகிறது: மழை நல்ல ஆண்டின் மிகுதி நீரைப் பயன்படுத்த நிலம் இருக்காது, வறட்சியில் விட்டுக்கொடுக்க எதுவும் மிஞ்சாது. ஃபலஜைப் பாரம்பரியச் சின்னம் என்று காப்பாற்றுகிறவர்கள் அவாபியையும் சேர்த்துக் காப்பாற்றினால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

நிர்வாகத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். வகீல் தலைவர், வழக்கு, கணக்கு, பழுது எல்லாம் அவர் பொறுப்பு. அரீஃப் முறை பார்ப்பவர். யாருக்கு எப்போது மடை திருப்புவது என்பது அவர் வாய்ச்சொல். பைதார் வயலில் இறங்கி மடை கட்டுகிறவர், மரம் ஏறுகிறவர். நீர்ப் பங்கு நிலத்தோடு ஒட்டியதல்ல. தனியாக விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம். பங்குகளில் ஒரு பகுதி ஃபலஜின் பெயரிலேயே இருக்கும். வாரம்தோறுமோ ஆண்டுக்கு ஒருமுறையோ அதை ஏலம் விட்டு, வரும் காசில் தூர்வாருவதும் பூச்சு வேலையும் நடக்கும். இந்த ஏலத்தால் இரண்டு நன்மை. பராமரிப்புக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம். தண்ணீர் அருகும் ஆண்டில் ஏல விலை ஏறி, இப்போது எந்தப் பயிர் கட்டும், எது கட்டாது என்பதை ஊருக்கே உரைக்கும். ஓட்டம் குறையும்போது யாருடைய நேரத்தையும் வெட்டுவதில்லை. எல்லாருடைய அரை மணியிலும் தண்ணீர் ஒரே விகிதத்தில் மெலியும். தலைமடைக்காரர் கொழித்துக் கடைமடைக்காரர் காயும் வழக்கமான சண்டை இதனால் பெரிதும் தணிந்துவிடுகிறது.

ஓட்டம் மிகவும் மெலிந்துவிட்டால் நேரப் பங்கீடு பயன் தராது. விநாடிக்கு இரண்டு மூன்று லிட்டரை நீண்ட மண் வாய்க்காலில் விட்டால் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும். அதற்காகத்தான் மலைக் கிராமங்களில் லஜில் என்னும் தொட்டி. இரவெல்லாம் நிரப்பி, காலையில் ஒரே பாய்ச்சலாகத் திறந்துவிடுவார்கள். அதே நீர்தான், ஆனால் வேகத்தோடு போவதால் கடைசிப் பாத்திவரை சேரும்.

இனி உப்பு. பாலைவனத்தில் ஊற்றுநீர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் உப்பு கரைந்தே வரும். செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பை மண்ணில் விட்டுவிடும். அந்த உப்பை வேருக்குக் கீழே தள்ள ஒவ்வொரு பாய்ச்சலிலும் சிறிது மிகுதி நீர் வேண்டும். மண் பரிசோதனை அட்டையில் வரும் இ.சி. மதிப்பை, அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறனை, வைத்தே இதைக் கணக்கிடலாம். மண்ணின் இ.சி. 4ஐத் தாண்டும்வரை பேரீச்சையின் விளைச்சல் குறைவதில்லை. குதிரைமசாலுக்கு 2, எலுமிச்சைக்கு இன்னும் கீழே. பாய்ச்சும் நீரின் இ.சி.யை எடுத்து, மண்ணில் ஏற்கும் மதிப்பை 5ஆல் பெருக்கி அதிலிருந்து நீரின் மதிப்பைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். நீர் 1.5 என்றால், பேரீச்சைக்கு 1.5 ÷ 18.5, அதாவது 8 விழுக்காடு மிகுதி நீர் போதும். நீர் 3 ஆனால் 18 விழுக்காடு. 4 ஆனால் 25. மரவரிசையில் ஓரத்து ஓலைகளின் நுனி கருகுவதும், பாத்தி வரப்பின் மேல் வெள்ளையாகப் பூப்பதும் இந்தப் பங்கைக் கொடுக்கத் தவறியதன் அடையாளம். பழைய வெள்ளப் பாய்ச்சலில் "வீணாகிறது" என்று குறை சொல்லப்படும் அந்தக் கால்வாசியில் ஒரு பகுதி இந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

தள்ளிய உப்புநீர் எங்காவது வெளியேறியாக வேண்டும். ஓமானின் ஊர்கள் பெரும்பாலும் சரளைப் படிவத்தின் மேல் சரிவில் இருப்பதால் அது கீழே இறங்கிப் போய்விடுகிறது. எல்லாச் சோலைக்கும் அந்தப் பேறு இல்லை. எகிப்தின் சீவா கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் மூடிய பள்ளம். கிணறுகள் பெருகப் பெருக வடிநீர் ஏரிகள் விரிந்து தோட்டங்களின் வேரைத் தொட்டன. அல்ஜீரியாவின் சூஃப் பகுதியில் மணலைக் குழித்து, நீர்மட்டத்துக்கு அருகே பேரீச்சையை நட்டுவிடுவார்கள். மரம் தானே குடித்துக்கொள்ளும், பாசனமே தேவையில்லை. அங்கே ஆழத்து நீரை இறைத்து வீடுகளுக்குக் கொடுத்தபோது கழிவுநீர் வெளியேற வழி செய்யவில்லை. மேல்நீர் ஏறி, குழிக்குள் நின்ற மரங்கள் மூழ்கிச் செத்தன. சோலைக்கு நீர் வரும் வழியைப் போலவே போகும் வழியையும் முதலிலேயே பார்க்க வேண்டும்.

ஓமானில் இந்த ஒழுங்கைக் கலைத்தது 1970களுக்குப் பின் பெருகிய பம்பு. கலைந்த விதத்தைப் புரிந்துகொள்ளச் சுரங்கத்துக்கே திரும்ப வேண்டும். நீர்மட்டம் மலையை நோக்கிக் கிலோமீட்டருக்கு 5 மீட்டர் ஏறுகிறது, சுரங்கம் 1 மீட்டர் ஏறுகிறது என்றால், இரண்டும் சந்திக்கும் புள்ளிக்கு மேலே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுரங்கம் 4 மீட்டர் ஆழம் நீருக்குள் போகும். சேர்க்கும் பகுதி 500 மீட்டர் நீளம் என்றால் தாய்க்கிணற்றில் நீர் 2 மீட்டர்தான் நிற்கும். இந்நிலையில் அக்கம்பக்கத்தில் யாரோ ஆழ்துளைக் கிணறு போட்டு நீர்மட்டத்தை 1 மீட்டர் இறக்கினால், சந்திப்புப் புள்ளி 250 மீட்டர் மேலே நகர்ந்துவிடும். சேர்க்கும் நீளம் பாதியாகும், மீந்த பாதியில் நீரின் ஆழமும் பாதியாகும். ஓட்டம் பாதிக்கும் மிகக் கீழே போய்விடும். ஆழ்துளைக் கிணறு வைத்தவருக்கு ஒரு மீட்டர் ஒரு பொருட்டே அல்ல. ஃபலஜுக்கு அது உயிர். எல்லாருக்கும் பொதுவான இழப்பைத் தனி ஒருவரின் மோட்டார் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது.

இதைத் தடுக்க ஹரீம் என்னும் காப்பு எல்லை மரபிலேயே இருந்தது. முழக்கணக்கில் அளந்து வைத்தார்கள். கையால் தோண்டிய கிணற்றுக்கு அது போதும். இன்றைய விதிமுறை தாய்க்கிணற்றிலிருந்து 3.5 கிலோமீட்டருக்குள் புதுக் கிணறு கூடாது என்கிறது. 1988இல் நிலத்தடி நீர் தேசிய வளம் என்று அரசாணை வந்தது. ஆயினும் அதற்குள் பாத்தினா கடற்கரைச் சமவெளியில் பெரும் சேதம் நடந்துவிட்டது. அங்கே கிணறுகள் நெருக்கமாக இறைக்கப்பட, கடல்நீர் நிலத்துக்குள் ஏறியது. கடலோரத்து எலுமிச்சையும் மாவும் முதலில் போயின, பேரீச்சை கடைசியாக. நீரை மிகுதியாகக் குடிக்கும் ரோட்ஸ் புல்லைத் தீவனத்துக்காகப் பயிரிட்டது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. எலுமிச்சைக்கு உப்போடு சேர்ந்து, கிளைகள் துடைப்பம்போல் கொத்தாக முளைக்கும் சூனியக்காரித் துடைப்ப நோயும் 1970களிலிருந்து வந்து தோட்டங்களை அழித்தது. நிழலடிப் பயிரில் காசு தந்தது அதுவே என்பதால், அது போனதும் பலர் தோட்டத்தையே கைவிட்டனர்.

வாதி வெள்ளம் கடலில் கலந்து வீணாகாமல் நிலத்துக்குள் இறங்க அரசு செறிவூட்டு அணைகளைக் கட்டியது. மஸ்கட் அருகே அல் கூத் அணை 1985இல் முடிந்தது. நல்ல முயற்சி. ஆனால் தேங்கும் வெள்ளம் நுண்வண்டலை அடியில் பரப்பிவிடுகிறது. அந்தத் தோல் காய்ந்ததும் வழித்து எடுக்காவிட்டால் அடுத்த வெள்ளம் மண்ணில் இறங்காமல் வெயிலில் ஆவியாகப் போகும். வறண்ட ஃபலஜ்களுக்குத் துணைக்கிணறு தோண்டி மோட்டாரால் வாய்க்காலில் நீர் விடுவதும் நடக்கிறது. மரத்தைக் காக்க ஓரிரு கோடைக்கு இது சரி. அதையே நிரந்தரமாக்கினால் நீர்மட்டம் இன்னும் இறங்கும், ஃபலஜ் தானாக ஓடும் நாள் திரும்பவே திரும்பாது. துணைக்கிணற்றை அனுமதிக்கும்போதே எந்த நீர்மட்டத்தில் நிறுத்துவது என்பதை எழுதிவைப்பது கட்டாயம் என்பது என் கருத்து.

ஆள் பற்றாக்குறை வேறு கதை. ஊர் இளைஞர்கள் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார்கள். பைதார் வேலையை இன்று பெரும்பாலும் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் செய்கிறார்கள். கல் பலகையை இறக்கி, விளிம்பில் பழந்துணியும் மண்ணும் திணித்து மடை அடைப்பதிலிருந்து, பிப்ரவரி மார்ச்சில் மரமேறி ஆண் பூக்கதிரின் சில இழைகளைப் பெண் பாளைக்குள் செருகிக் கட்டுவதுவரை அவர்கள் கையில்தான். மப்ஸலி ரகக் காயை வேகவைத்து உலர்த்தி இந்தியாவுக்கு அனுப்பும் பழைய வணிகமும் இந்த உழைப்பின் மேலேதான் நிற்கிறது. அவர்களுக்கு ஒழுங்கான கூலியும் தங்குமிடமும் இல்லாமல் ஃபலஜைக் காப்பது பற்றிப் பேசுவது நேர்மையல்ல.

எல்லாரும் உடனே சொல்லும் மருந்து சொட்டுநீர். ஃபலஜில் அது நேராகப் பொருந்தாது. ஃபலஜ் எட்டு நாளுக்கு ஒருமுறை பெருக்காகக் கொடுக்கிறது. சொட்டுக்குத் தினமும் சிறிதளவு வேண்டும். நடுவில் தொட்டி வேண்டும். இரண்டு அதர் பங்குள்ளவருக்கு 72 கனமீட்டர்: 8 மீட்டர் நீளம், 4.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம். திறந்த தொட்டியில் எட்டு நாளில் 3 கனமீட்டருக்குள்தான் ஆவியாகும், அது பெரிய இழப்பல்ல. பெரிய தொல்லை சுண்ணாம்பு. ஓமானின் ஊற்றுநீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு சொட்டுவாயில் படிந்து அடைக்கும். மணல் வடிகட்டியும், அவ்வப்போது அமிலம் விட்டுக் கழுவுவதும் இல்லாமல் ஓராண்டு தாண்டாது. பேரீச்சைக்குச் சொட்டுவாயைவிட மரத்தைச் சுற்றிப் பாத்தி கட்டி அதில் கொப்பளிக்கும் குழாய்வாய் வைப்பது மேல்: அடைப்பு குறைவு, உப்பும் ஒரு வட்டமாக வேரைச் சுற்றித் தங்காமல் கீழே இறங்கும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அதே 72 கனமீட்டர் பழைய முறையில் 840 சதுர மீட்டருக்குப் போதும். பத்தில் ஒன்பது பங்கு வேருக்குப் போய்ச் சேரும் அமைப்பில் 1,010 சதுர மீட்டர். மிச்சத்தில் இரண்டு, மூன்று கன்று கூடுதலாக நடலாம், நடவும் செய்வார்கள். அப்போது மரங்கள் குடிக்கும் மொத்த நீர் கூடுகிறது, முன்பு கீழே இறங்கி அடுத்த ஊரின் கிணற்றில் ஊறிய நீர் நின்றுபோகிறது. எந்தச் சேமிப்பும் நடக்கவில்லை. கீழூரின் பங்கு மேலூருக்கு மாறியிருக்கிறது. சேமிப்பு உண்மையானதாக இருக்க வேண்டுமானால், மிச்சமான அதர்களை ஃபலஜின் பெயருக்கே எழுதி, குளிர்காலத்தில் அவாபிக்கு மட்டும் ஏலம் விட வேண்டும். தோட்டத்தின் எல்லையை நகர்த்தக்கூடாது.

அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதற்கும் தக்கைக் கணக்கே போதும். மாதம் ஒருமுறை, அதே இடத்தில், அதே நேரத்தில் அளந்து எழுதி வாருங்கள். நல்ல மழை ஆண்டின் 20 லிட்டரைப் பார்த்து 16 ஹெக்டேரையும் பேரீச்சையால் நிரப்பிவிட்டு, வறண்ட கோடையில் ஓட்டம் 14 லிட்டருக்கு இறங்கினால் 11 ஹெக்டேருக்குத்தான் நீர் இருக்கும்; 5 ஹெக்டேர் மரம் சாகும், அல்லது துணைக்கிணறு கேட்கும். பதிவில் உள்ள கோடைகளில் மிகக் குறைந்த ஓட்டம் எதுவோ அதற்கு மட்டும் பேரீச்சை நடுங்கள். மற்றதெல்லாம் அவாபி. வறட்சியில் செத்த மரத்தின் குழியில் புதுப் பக்கக்கன்று வைக்குமுன், மழைக்குப் பின் ஓட்டம் ஒரு முழுக் கோடையைத் தாண்டி நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நடுவது நல்லது. தாவூதியில் சரளைப் படிவம் நீரால் நிரம்புவதற்கு நாளாகும். முதல் மழையில் வாய்க்கால் நிரம்புவதை நம்பி நட்ட கன்றுகள் மறு கோடையிலேயே காய்ந்துபோகும்.